வந்துவிட்டது என்று போட்டேன்

எங்கள் கரையில் போன் பேசலாம், மெசேஜ் வரும். நெட் மட்டும் எடுக்காது. கரைக்கும் பின்னால் ஓடும் திருச்செந்தூர் சாலைக்கும் நடுவே செம்மணல் தேரி மேடாகக் கிடக்கிறது. அதில் ஏறி, பஸ் நிற்கும் இடத்துக்குப் போனால்தான் நெட் வரும். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்லாமல் நான் செய்ததைச் சொல்ல முடியாது.

நான் நாசரேத் பக்கத்துக்காரன். இந்த ஊர்ப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக வந்தேன். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு இங்கேயே தங்கிவிட்டேன். கடலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். படகுக்காரர் சங்கம் ஒரு டேப்லெட் வாங்கியபோது அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். "சாருக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

வேலை எளிது. விடியுமுன் புறப்படும் ஒவ்வொரு படகின் பெயரிலும் 'போனது' என்று தொட வேண்டும். பிற்பகலில் கரையேறியதும் 'வந்தது' என்று தொட வேண்டும். கரையில் நெட் இல்லாததால் டேப்லெட் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மூலையில் ஒரு சின்ன மேகம், அதன் மேல் மஞ்சள் புள்ளி. சாலைக்கு எடுத்துப் போனால் உள்ளே இருந்ததெல்லாம் சர்வருக்குப் போய், புள்ளி பச்சையாகி, 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். உடனே அந்தந்தப் படகுக்காரர் வீட்டு போனுக்கு 'படகு கரை வந்தது' என்று மெசேஜ் போய்விடும். மாலையில் சாலை வரை ஒரு நடை நடந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்புவேன்.

பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எல்லோரும் வந்ததாகவே முதலில் போட்டுவிடுவேன். பிறகு தலையை நிமிர்த்தி, வராதவன் யார் என்று பார்த்துத் திருத்துவேன். வேலை சீக்கிரம் முடியும். டேப்லெட்டிலும் அதையே செய்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாப் படகுகளையும் 'வந்தது' என்று தொட்டுவிடுவேன். அப்புறம் கரையில் உட்கார்ந்து, வராத படகை மட்டும் மாற்றிவைத்து, அதுவும் வந்தபின் திருப்பிப் போடுவேன். சாலைக்குப் போகும்வரை அது பொய் ஆகாது, என் கைக்குள்தானே இருக்கிறது என்பது என் கணக்கு.

போன ஆண்டு ஆடியில், என்னிடம் படித்தவர்கள் தூத்துக்குடியில் எனக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்தார்கள். நான் கிளம்பும் நேரத்தில் மூன்று படகுகள் இன்னும் வரவில்லை. வழக்கம்போல எல்லாவற்றையும் ஏற்கெனவே 'வந்தது' என்று தொட்டிருந்தேன். மூன்றையும் மாற்றிவிட்டு டேப்லெட்டைச் சங்கத்து ஆளிடம் கொடுத்திருக்கலாம். நான் அதைப் பைக்குள் வைத்தேன். மறதியால் அல்ல. இந்த வயதிலும் நான் என்ன செய்கிறேன் என்று அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன்.

சாலைக்கு வந்தபோது பஸ் தயாராக நின்றது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் புறப்பட்டதுமே பைக்குள்ளிருந்து 'டிங்' என்று கேட்டது.

எனக்குக் கேட்டது. இதைத்தான் நான் ஓர் ஆண்டாக யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவுடனே என்ன போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நெட் நன்றாக இருந்தது. பையைத் திறந்து மூன்று பெயர்களைத் தொட்டிருந்தால் அரை நிமிட வேலை. எப்படியும் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார்கள், தினமும் வருகிறவர்கள்தானே என்று நினைத்தேன். திருச்செந்தூர் தாண்டி, சாகுபுரம் தொழிற்சாலைப் புகையைப் பார்த்துக்கொண்டே, மேடையில் என்ன பேசுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் அறிவேன்.

மூன்றில் இரண்டு படகுகள் வந்துவிட்டன. மூன்றாவதில் போனவர்கள் அண்ணன் தம்பி இருவர். பிற்பகலில் காற்று முறுகியது. இருட்டத் தொடங்கும்போது சங்கத்து ஆட்கள் இரண்டு படகுகளைத் தண்ணீருக்குத் தள்ளித் தேடிப் போகத் தயாராக நின்றார்கள். அப்போது தம்பியின் மனைவி போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"போவாதீய! மத்தியானமே வந்துட்டாவ. இந்தா, மெசேஜ் வந்துருக்குல்லா."

"எங்கன வந்தான்? இங்கன ஒருத்தரையும் காணலியே."

"காத்துக்கு ஆலந்தலையில ஏத்திருப்பாவ. மீன வித்துட்டு பஸ்ல வருவாவ. கடலுக்குப் போன் கொண்டு போறதில்லல்லா, அதான் கூப்புடல. சார் சும்மா போடுவாவளா?"

காற்று திரும்பினால் வேறு கரையில் ஏற்றிவிட்டு வருவது இங்கே வழக்கம்தான். நான் போட்டது என்றால் யாரோ எனக்குப் போன் செய்து சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். ஒருவர் சிரித்துக்கூடச் சொன்னாராம்: "புருசன் மேல இருக்க நம்பிக்கைய விட சார் மேல உள்ள நம்பிக்க பெருசால்லா இருக்கு ஒனக்கு!" தள்ளிய படகுகளை மறுபடி மேலே இழுத்துவிட்டார்கள். எனக்கும் போன் அடித்திருக்கிறார்கள். மேடையில் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். சாப்பிடும்போது தவறிய அழைப்புகளைப் பார்த்தேன். டேப்லெட் எங்கே என்று கேட்பார்கள் என எண்ணி நான் திருப்பி அழைக்கவில்லை. அன்று இரவு ஒரு மாணவன் வீட்டிலேயே தங்கினேன்.

மறுநாள் காலை, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்த அண்ணனை வேறு ஊர்ப் படகு கொண்டுவந்து சேர்த்தது. தம்பியின் உடல் பிறகு கரை ஒதுங்கியது. தேடி யாராவது வருவார்கள் என்று தம்பி இருட்டிய பிறகும் கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான் என்று அண்ணன் சொன்னார். அன்று மாலை படகுகள் போயிருந்தால் கண்டுபிடித்திருப்பார்களா, எனக்குத் தெரியாது. போயிருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

சங்கத்தில் கேட்டார்கள். "சர்வர் கோளாறு. நெட் விட்டு விட்டு வரும்போது இப்படித் தப்பாகப் போகும்" என்றேன். படித்தவன் சொன்னதால் மேற்கொண்டு ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அண்ணன் சர்வரைக் குறை சொல்லவில்லை. தம்பி மனைவியைச் சொன்னார்.

"வள்ளத்தத் தள்ளிட்டு நின்னாவ. இவதான் நிப்பாட்டுனா. எந்தம்பி அங்கன தண்ணிக்குள்ள கெடக்கான், இவ இங்கன போனக் காட்டுதா."

இருவருக்கும் அடுத்தடுத்த வீடுகள். அவர் அதற்குப் பிறகு அவள் வாசலை மிதிக்கவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு அவரும் அவளும் மாதா கோயிலின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது அவள் என்னிடம் வந்து, "நாந்தான் சார் கொன்னுட்டேன்" என்றாள். நான் அவள் தலையில் கைவைத்து, "அப்படிச் சொல்லாதேம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

ஓர் ஆண்டு அப்படியே போயிற்று. அவளைத் தெருவில் கண்டால் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். மனத்துக்குள் நூறு முறை அவளிடம் சொல்லிவிட்டேன். வெளியே ஒரு வார்த்தையும் போகவில்லை. தம்பியின் ஆண்டுப் பூசைக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் வரிசையில் யாரும் அவள் பக்கத்தில் உட்காராததைப் பார்த்தேன். மறுநாள் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணன் தன் வீட்டு வாசலில் வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவள் தன் வீட்டு முன்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இருவருக்கும் கேட்கும்படி நடுவில் நின்றேன்.

"சர்வர் கோளாறு இல்லை. படகு வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது என்று நான்தான் போட்டேன். பஸ்ஸில் போகும்போது அது போய்விட்டது. இந்தப் பிள்ளை மேல் எந்தத் தப்பும் இல்லை."

அண்ணன் வலையை விடவில்லை. "பஸ்ல போவும்போதா?" என்றார்.

"ஆமாம்."

"போனா சத்தம் கேக்கும்லா சார். அந்த டிங்கு."

"கேட்டது."

"கேட்டுமா?"

"கேட்டும் நான் எடுத்துப் பார்க்கவில்லை."

அவர் கையிலிருந்த பாசியை உதறிக் கீழே போட்டார். "பள்ளிக்கொடத்துல நாங்க ஒரு கணக்கத் தப்பாப் போட்டாலே வெரல் வீங்க அடிப்பிய" என்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைத் தாண்டி நடந்து, அவள் வாசலில் போய் நின்றார். அவள் ஈரத்துணியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"ஏளா, குடிக்கத் தண்ணி குடு" என்றார்.

அவள் உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. உள்ளே அவள் அழுவது கேட்டது. பிறகு செம்பைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். எனக்கு யாரும் எதுவும் தரவில்லை.

போகத் திரும்பினேன். "சார்" என்று கூப்பிட்டாள். "அதுல இன்னமும் அவுக வந்துட்டாவன்னுதான் இருக்கா?"

"இருக்கிறது."

"மாத்திப் போடுங்க."

"மாற்றினால் உன் போனுக்கு மெசேஜ் வரும்மா. படகு வரவில்லை என்று வரும்."

"வரட்டும். அன்னைக்கே வந்துருக்க வேண்டியதுதான."

அங்கேயே நின்று மாற்றினேன். மேகத்தின் மேல் மஞ்சள் புள்ளி விழுந்தது. அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தேரி மணலில் ஏறினேன். சாலையில் பஸ் ஒன்று வந்து நின்றது. "ஏறுதியளா அண்ணாச்சி? சீக்கிரம்" என்றார் கண்டக்டர். இல்லை என்று கையசைத்தேன். பஸ் போன புழுதி அடங்குவதற்குள் சத்தம் கேட்டது. அது அவள் போனுக்குப் போயிருக்கும். அங்கிருந்து சங்கத்துக்கு நடந்தேன், டேப்லெட்டைக் கொடுக்கவும், அவர்களிடமும் இதையே சொல்லவும்.