பரிசத் தட்டில் விதையில்லாப் பழம்

சன்னாசி என்று பேர் வைத்தவர்களுக்கு முன்யோசனை அதிகம். முப்பத்தேழு வயதாகியும் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

சிலிம் ரிவர் பக்கம் அவன் ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தை முதலாளிகள் துண்டுபோட்டு விற்ற பிறகு, மலையேறி ரிங்லெட்டில் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் காய்கறித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே மழை ஓய்ந்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஊரே பயந்துபோய்க் கோயிலுக்கு ஓடியது. அப்படிப்பட்ட இடத்தில் தவுக்கே, விதையில்லாத கலப்பினத் திராட்சைக் குச்சிகளை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து நட்டார். இலையெல்லாம் பூஞ்சணம் பூத்ததுதான் மிச்சம். “நீயே வெச்சுக்க லா” என்று சன்னாசி தலையில் கட்டிவிட்டார்.

சன்னாசி கொடிக்கு மேலே பிளாஸ்டிக் கூரை போட்டான். குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி எழுந்தால்தான் திராட்சை ஒழுங்காகக் காய்க்குமாம். மலையிலோ வருடம் முழுக்க ஒரே குளிர். கொடிக்குத் தூக்கமே வரவில்லை. இவனே இலைகளை உருவி, கிளைகளைக் கழித்து, குளிர்காலம் வந்துவிட்டதாக அதை ஏமாற்றினான். எழுபத்தெட்டாம் வருடம் நாலு குலை பழுத்தது. ஒன்றைத் தின்ற தவுக்கேக்குப் பல் கூசி ஒரு வாரம் பேச்சு வரவில்லை. வேலையாட்கள் அதைப் பெருநாள் விடுமுறைபோலக் கொண்டாடினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மலையடிவாரத்துத் தாப்பாவில் மங்களத்தைப் பேசி முடித்தார்கள். அவளை வளர்த்த அத்தை இருளாயி வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். பரிசத் தட்டில் சன்னாசி தன் குலையை நடுநாயகமாக வைத்தான். இருளாயி ஒரு பழத்தை மென்றாள். நாக்கால் தேடினாள்.

“விதை எங்கப்பா?”

“விதையே இல்லாத சாதி அத்தை. ஒட்டு ரகம். அதான் இதோட உசத்தி.”

“ஒட்டுறது ஓட்டுறதெல்லாம் மலையில வெச்சுக்க. பரிசத் தட்டுல விதையத்தத வெச்சா எங்க பொண்ணு வயித்துல என்னா தங்கும்? விதையுள்ளதக் கொண்டா. இல்லன்னா தட்டோட மலையேறிடு.”

“லாரியில இன்னொரு குலை இருக்கு அத்தை” என்று கிளம்பியவன் லாரியைத் தாண்டிப் பழக்கடைக்கு ஓடினான். மூச்சிரைக்க ஒரு கறுப்புத் திராட்சைக் குலையோடு திரும்பினான். இருளாயி தின்று, விதைகளை உள்ளங்கையில் துப்பி, சபைக்கே காட்டினாள்.

“இதுல்ல பழம்! மாப்பிள்ளைக்கு என்னா கைராசி பாத்தீங்களா!”

மழையோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவன், கடைக்காரனுக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கைகூப்பி வாங்கிக்கொண்டான். தாம்பூலம் மாற்றினார்கள்.

எல்லாரும் சாப்பிடப் போனதும் மங்களம் அந்தக் குலையைத் தூக்கி ஊதினாள். மரத்தூள் பறந்தது. கப்பலில் வரும் பழத்தை அதில் புதைத்துத்தான் அனுப்புவார்கள்.

“மச்சான், உங்க கொடியில மரத்தூளும் காய்க்குமா?”

சன்னாசி பந்திப் பக்கம் எட்டிப் பார்த்தான். “அத்தைகிட்ட சொல்லிறாத மங்களம்.”

“நான் ஏன் சொல்றேன்? இனிமே வருசா வருசம் அத்தைக்குக் கடையில வாங்கி, உங்க தோட்டத்துப் பழம்னு குடுக்கப் போறது நீங்கதானே!”

ஒதுக்கி வைத்திருந்த அவன் குலையிலிருந்து ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

“எப்படி இருக்கு?” என்றான் அவன்.

“அடுப்படியில போய் உப்பும் மிளகாய்த்தூளும் கேட்டு வாங்கிட்டு வாங்க” என்றபடி அடுத்ததைப் பிய்த்தாள்.