ஸ்டெல்லா அக்கா பார்த்துக் கொடுத்த சக்கரங்கள்

பக்குரங்கா பிளாசாவின் கார் நிறுத்துமிடத்தில் மரக்கறிப் பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் கணவர் அருள் அண்ணா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஸ்டெல்லா போயிட்டா," என்றார். "காலையில பசியாறிட்டு நாற்காலியில உக்காந்தா. கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல." பைகளை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் சாய்ந்து நின்றேன். அந்த வண்டிக்கு டயரும் ரிம்மும் தேர்ந்தெடுத்துத் தந்தவர் ஸ்டெல்லா அக்காதான்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஈப்போவில் பிறந்தவர். எல்லர்ஸ்லியில் நான் கணினிப் பிரிவில் இருந்த காப்புறுதி அலுவலகத்தில், விபத்துக்குள்ளான வாகனங்களைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் வேலை அவருக்கு. மீன்பிடிக்கப் போவதற்கென்று ஒரு சிறிய படகும், அதை இழுக்க ஒரு யூட்டும் வைத்திருந்தார். பின்னால் திறந்த தொட்டியுள்ள பிக்கப் வண்டியை இங்கே யூட் என்பார்கள். படகுத்துறையில் அவர் வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது நாலு ஆண்களாவது ஓடிவந்து கையை ஆட்டி வழிகாட்டுவார்கள். "தள்ளி நில்லுங்க லா! கண்ணாடியில படகு தெரியல, நீங்கதான் தெரியிறீங்க," என்பார்.

நானும் ஒரு பழைய யூட் வாங்கினேன். யூட்டின் மூக்கு இயல்பிலேயே சற்றுத் தாழ்ந்திருக்கும். பின்னால் பாரம் ஏற்றினால் சமமாகிவிடும். என்னுடையதை முன்பு வைத்திருந்தவர் முன்பக்கத்தை உயர்த்தி, வெறும் வண்டியாகவே சமமாக நிற்க வைத்திருந்தார். அப்படிச் செய்ததும் முன்சக்கரத்தைச் சுற்றி இடைவெளி தெரியும். இடைவெளியைக் கண்டால் பெரிய டயர் போட மனம் குறுகுறுக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் நம்மவர்களின் யூட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஏற்றுவது அரிசி மூட்டையும் கோயில் நாற்காலிகளும். டயரோ மலையேறப் போகிறவனுடையது. நானும் அந்தக் கூட்டத்தில் சேரத் துடித்தேன். முப்பத்துமூன்று அங்குல டயரும், மட்காட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் கறுப்பு ரிம்மும் பார்த்து வைத்திருந்தேன்.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் படத்தைக் காட்டினேன். அக்கா நன்றாகப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. வெளிய துருத்துற ரிம்முக்கு வாகனச் சோதனையில பாஸ் குடுக்க மாட்டான், அது வேற கதை. வண்டியில ஏறுறது யாரு?" என்றார்.

ஏறுவது என் ஐயா. சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். காரை மனைவி வேலைக்கு எடுத்துப்போய்விடுவாள். ஐயாவை யூட்டில் நான்தான் கொண்டுபோவேன். உப்பு, பழம், வயிறு நிறையத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக அவரிடமிருந்து போய்விட்டிருந்தது. யாருடைய கையையும் பிடிக்காமல் வண்டியில் ஏறுவதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருநாள் அவசரத்தில் நான் தூக்கி ஏற்றப் போனேன். "என்னைச் சாக்கெண்டு நினைச்சியோ?" என்றவர் வீட்டுக்குள் திரும்பிப் போய்விட்டார். அன்று சிகிச்சைக்கே போகவில்லை. இன்னும் இரண்டு முறை அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அக்கா பிளாக்ஹவுஸ் பே பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அழைத்தால்தான் வரவேண்டும் என்ற வழக்கம் அவரிடம் இருந்ததில்லை. யூட்டில் பலகைகள் கொண்டுவந்திருந்தார். நான் போட நினைத்த டயர் வண்டியை எவ்வளவு உயர்த்துமோ, அவ்வளவு தடிப்பில் நான்கு சக்கரங்களுக்கும் கீழே பலகை வைத்தார். பிறகு ஐயாவிடம் போய், "அப்பா, எனக்கு ஒரு அளவு வேணும். ஏறிக் காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

ஐயா கதவுப் பிடியைப் பிடித்துக் காலைத் தூக்கினார். பாதம் எட்டியது, முழங்கால் கேட்கவில்லை. நான் பாய்ந்தேன். "தம்பி, கையப் பின்னால கட்டு," என்று அக்கா அதட்டினார். மெல்லிய பலகைகளை மாற்றி வைத்தார். ஐயா மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முயன்று ஏறி உட்கார்ந்தார். "சரியா அளந்திட்டியளோ பிள்ளை? வேணுமெண்டால் இன்னொருக்கா ஏறுவன்," என்றார். மாதக்கணக்கில் நோயாளியாகவே நடத்தப்பட்டவரின் குரலில் அன்று ஒரு மிடுக்கு இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"டயர் ரெண்டு இஞ்ச் பெருசுன்னா வண்டி ஒரு இஞ்ச்தான் ஏறும்," என்றார் அக்கா என்னிடம். "அந்த ஒரு இஞ்ச் யாரு முழங்காலுக்குன்னு பாக்கணும்ல?" பழையதைவிட ஒரேயொரு அளவு பெரிய டயரும், மட்காட்டுக்குள் அடங்கும் ரிம்மும் தேர்ந்தெடுத்தார். கோயில் வாசலில் என் நண்பர்கள் அதைப் பார்த்து, "இதுக்கோ இவ்வளவு நாள் கதைச்சனீ?" என்று சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது உண்மை.

அதிலும் ஒரு பிழை வந்தது. எங்கள் வீட்டுச் சரிவில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் உள்பக்கத்துப் பிளாஸ்டிக்கில் உரசியது. அக்கா சர்ச்சுக்கு உடுத்த சேலையோடு வந்து, தரையில் குனிந்து உரசும் சத்தத்தைக் கேட்டார். எழுந்ததும், "நான்தான் தப்பு பண்ணிட்டேன். உரசுமான்னு வெறும் வண்டியில பாத்தேன். ஆள் உக்காந்தா வண்டி அமுங்கும்ல," என்றார். திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில், யாரும் கேட்காமலே, எல்லோருக்கும் இதைச் சொன்னார். கடைக்காரரிடம் தானே பேசி ரிம்மை மாற்றித் தந்தார். இப்படி ஒரு பிழைக்கு டயர்க் கடையைத் திட்டாத ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. மற்றபடி, நம் கல்யாண மண்டப வாசலில் நிற்கும் எந்த வண்டியையும் அவர் சும்மா விடமாட்டார். பட்டுச்சேலையோடு குனிந்து டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, "காத்து பத்தல," என்று மாப்பிள்ளை வீட்டாரிடமே சொல்வார். அருள் அண்ணா தலையில் அடித்துக்கொள்வார்.

உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடையது ஏதாவது இருக்கும். அவர் எனக்குத் தந்தது பொறுமை. ஒருவர் தானாகச் செய்துமுடிக்கும்வரை அருகில் நின்று சும்மா இருக்கும் பொறுமை. அது என் பிறவிக் குணம் அல்ல, என் மனைவியைக் கேளுங்கள்.

அடக்கத்தன்று மைத்துனர் தாழ்வான காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஐயா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அந்தப் பிள்ளை எனக்கெண்டு பாத்துத் தந்த வண்டி நிக்குது," என்றார். இப்போது அவருக்கு நெடுநேரம் எடுக்கிறது. இரண்டு முறை காலை இறக்கி, மூச்சு வாங்கி, மூன்றாம் முறை ஏறினார். நான் கதவருகே நின்றிருந்தேன்.

தேவாலய வாசலில் அருள் அண்ணா வந்து கதவைத் திறந்தார். ஐயாவின் பிடிவாதம் அவருக்குத் தெரியாது, கையை நீட்டினார். நான் தடுக்க வாயெடுத்தேன். அதற்குள் ஐயா அந்தக் கையைப் பிடித்துவிட்டார். இறங்கி நின்ற பிறகும் விடவில்லை. பெட்டி வைத்திருந்த இடம்வரை அருள் அண்ணாவை அவர்தான் நடத்திக்கொண்டு போனார்.