மருந்தடித்த நாளின் அரையிறுதி

அரையிறுதி நடந்த நாளின் காலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசித்தான் நான் பெரிய மனிதனாக இருந்தேன்.

முதலமடைப் பக்கத்தில் எனக்கு எட்டு ஏக்கர் மாந்தோப்பு. பூ பிடித்திருந்த சமயம். தத்துப்பூச்சி இறங்கியிருந்தது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி காலை ஆறரைக்கே போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், காத்து சுத்திச் சுத்தி அடிக்குதுங்க. இன்னைக்கு மருந்து அடிச்சா பாதி மரத்துக்கு, பாதி பசங்க மூஞ்சிக்குத்தான். நாளைக்கு வெச்சுக்கலாங்களா?"

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த மாதங்களில் எப்படி வீசும் என்று எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சாயந்தரம் எங்கள் ஊர் அணிக்கு அரையிறுதி. தோப்பு வேலையை மனதில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க எனக்குப் பிடிக்காது.

"ஒரு மணிக்குள்ள முடிச்சிருங்க" என்றேன். "துணியைக் கட்டிக்கிட்டு அடிக்கச் சொல்லுங்க."

யார் யார் அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. என்றைக்குமே கேட்டதில்லை.

பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டம்தான் எங்கள் ஊர்ப் பைத்தியம். அறுத்த வயலில் கமுகு மரத்தில் கேலரி கட்டி ஆடுவோம். ஆட்டம் முடிந்ததும் நான் வாட்ஸ்அப் குழுவில் என் கருத்தைப் பேசி அனுப்புவேன். கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் நடத்தியவன். கோவையாகப் பேச வரும். மாங்காய் மண்டியில் "சார் போட்டுட்டாரா?" என்று விசாரிப்பார்களாம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து நான் இன்னும் கொஞ்சம் நீட்டிப் பேச ஆரம்பித்தேன்.

அணியின் மேனேஜர் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். இளமையில் ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். வெளியாட்களைக் கொண்டுவருவதில் அவருக்கு இஷ்டமில்லை. லோடு ஏற்றுகிறவன், பெயின்ட் அடிக்கிறவன், மருந்து அடிக்கிறவன் என்று உள்ளூர்ப் பையன்களை வைத்தே ஆடினார். எவனுக்கு என்றைக்கு எங்கே வேலை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார். அந்த நோட்டை நான் குழுவில் கிண்டல் செய்திருக்கிறேன்.

எனக்கோ வெளியாட்கள் இரண்டு பேர் வேண்டும் என்றிருந்தது. ஒருவன், சீசன் முழுக்க மலப்புறம் பக்கம் ஆடிக்கொண்டிருந்த ஆப்பிரிக்க ஸ்ட்ரைக்கர். இன்னொருவன், ஏலப்பாறை எஸ்டேட் அணியில் ஆடிய நெட்டையான தடுப்பாட்டக்காரன். மேனேஜரிடம் ஒருமுறை கேலரியிலேயே சொன்னேன்.

"ஆப்பிரிக்காக்காரனைக் கூட்டியாந்தா பந்து பூராவும் அவனுக்கே போகுமுங்க சார். நம்ம பசங்க நின்னு வேடிக்கை பாத்துட்டிருப்பாங்க."

"தோத்துட்டு வேடிக்கை பாக்கறதுக்கு ஜெயிச்சுட்டுப் பாக்கலாமே தம்பி" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அரையிறுதி அன்று எங்கள் ஸ்டாப்பர் களத்தில் இறங்கவில்லை. அணியிலேயே நல்ல ஆட்டக்காரன் அவன். பூட்ஸ் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தலையில் துண்டு. அடிக்கடி வாயைத் துடைத்தான். வெயில் இறங்கிய பிறகும் பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. நான் மூன்றாவது வரிசையிலிருந்து அத்தனையும் பார்த்தேன். உட்கார வைத்துவிட்ட கோபத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறான் என்று முடிவு செய்தேன். எச்சில் ஊறும், வியர்வை கொட்டும், கண்மணி சுருங்கும், கை நடுங்கும் என்று தோப்பில் அடிக்கிற பூச்சிமருந்துகளைப் பற்றி எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்.

இரண்டாம் பாதியில் பெஞ்சில் அவன் இல்லை, மேனேஜரையும் காணோம். மூன்று கோல் வாங்கினோம்.

வீட்டுக்குப் போகும் வரைகூடப் பொறுக்காமல் காரில் உட்கார்ந்தே நான்கு நிமிடம் பேசினேன். மேனேஜருக்கு ஆள் எடுக்கத் தெரியவில்லை, இருக்கிற ஆளை நிறுத்தவும் தெரியவில்லை என்றேன். தோற்கிற நேரத்தில் அணியை விட்டுவிட்டு ஓடிப்போனார் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தான் ஆடிய இடத்தில் தன்னைவிட நன்றாக ஒரு பையன் ஆடுவது அவருக்குப் பொறுக்கவில்லை என்றும் சொன்னேன். அதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. பேச்சின் வேகத்தில் வந்தது, கேட்க நன்றாக இருந்தது, அதனால் அழிக்கவில்லை. குழுவில் யாரோ "அவனுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்களே" என்று எழுதினார்கள். "காய்ச்சல்காரன் எதுக்கு பூட்ஸ் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான்?" என்று பதில் போட்டேன். அதற்கு நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் மேஸ்திரி கூலி வாங்க வந்தார். போகிற போக்கில் சொன்னார்.

"அன்னைக்கு மருந்து ஹோஸ் பிடிச்ச பையன் ரெண்டு நாளா ஆஸ்பத்திரீலீங்க. இடைவேளைல கேலரிக்குப் பின்னால வாந்தி எடுத்துட்டானாமா. அந்த மேனேஜர்தான் பைக்குல வெச்சுக் கூட்டீட்டுப் போனாராமா. இப்பத் தேவலைங்க."

"எந்தப் பையன்?"

"உங்களுக்குத் தெரியுமுங்களே. நம்ம டீம்ல ஸ்டாப்பர் ஆடறானே, அவந்தானுங்க."

இது எனக்குத் தெரிந்தது வியாழக்கிழமை. மேனேஜரை மாற்றுவதா என்று பேச அணியின் கமிட்டிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் முழுதாக இரண்டு நாள் இருந்தது. நான் எதுவும் செய்யவில்லை.

கூட்டம் வாசகசாலையில். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். செயலாளர் என் பேச்சைக் கைப்பேசியில் சத்தமாக ஓடவிட்டார். பொறாமையைப் பற்றிய இடம் வந்தபோது பின்னாலிருந்து ஒருவர் "அப்படிப் போடுங்க" என்றார். மேனேஜர் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று செயலாளர் கேட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. யாருடைய தோப்பு என்று அவருக்குத் தெரியும். நடந்தது எனக்குத் தெரியுமா என்றுதான் பார்த்திருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சார் ஆட்டம் தெரிஞ்சவரு. நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார்.

டீ வந்தது. வாங்கிக் குடித்தேன். அவர் பந்து மூட்டையையும் காற்றடிக்கும் பம்பையும் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். அதை யாரும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து, அவருடைய ஷிப்ட் முடியும் நேரத்தில் கஞ்சிக்கோட்டுக்குப் போனேன். தொழிற்சாலை வாசலில் வடநாட்டுத் தொழிலாளர்களோடு சேர்ந்து வெளியே வந்தார்.

"எதுக்குங்க சார் இவ்வளவு தூரம்? கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பனே."

எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்துக்கு முன்பே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். இன்றைக்கே குழுவில் பேசிவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க. சொல்லீட்டா உங்களுக்கு மனசு ஆறிப்போயிரும். அவனுக்கு? ஒருக்கா மருந்து ஏறி விழுந்தவன்னு தெரிஞ்சா எந்தத் தோப்புலீங்க அவனைக் கூப்பிடுவாங்க? அம்மாவும் தங்கச்சியும் அவன் சம்பாத்தியத்துலதான் சாப்படறாங்க. அதுக்குத்தானுங்க காய்ச்சல்னு சொன்னேன். சீசன் முடியட்டுமுங்க."

பைக்கை உதைத்துவிட்டு, பிறகு நினைவு வந்ததுபோல் நிறுத்தினார்.

"அந்த ஏலப்பாறைக்காரனைப் பத்தி நீங்க சொன்னது நெசந்தானுங்க. நானும் போய்ப் பாத்தேன். பந்தைத் தலையில நல்லா எடுக்கறான். கூட்டியாந்துருங்க. ஆனா நடுவுல நிறுத்தாதீங்க சார், திரும்பறதுக்கு நேரமெடுக்கறான். இடது பக்கம் நிறுத்துங்க."

சீசன் முடிந்தது. அந்தப் பையனுக்கு அவரே கஞ்சிக்கோட்டில் ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். மருந்து அடிக்கும் வேலையை அவன் விட்டுவிட்டான், பந்தாட்டத்தையும் விட்டுவிட்டான். நான் வாயைத் திறக்கத் தடையாக இருந்தது எதுவும் இப்போது இல்லை. குழுவில் பேச மூன்று முறை கைப்பேசியை எடுத்தேன். மூன்று முறையும் கொஞ்சம் பேசி, போட்டுக் கேட்டுப் பார்த்தேன். நான் நல்லவனாகத் தெரிகிற மாதிரியே அது வந்தது. அழித்துவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், பயந்தேன்.

அடுத்த சீசனில் ஏலப்பாறைக்காரனைக் கொண்டுவந்தார்கள். அவனை இடது பக்கம் நிறுத்த வேண்டும், திரும்ப நேரமெடுக்கிறான் என்று குழுவில் பேசினேன். அந்த யோசனை யாருடையது என்று சொல்லவில்லை. புது மேனேஜர் அப்படியே நிறுத்தினார். அந்த வருடம் கோப்பை எங்களுக்கு வந்தது.

பரிசளிப்பில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். "நம்ம டீமைத் திருத்தினவரு" என்று மைக்கில் சொன்னார்கள். கேலரிக்கு வெளியே கயிற்றை ஒட்டி, தொழிற்சாலைச் சட்டையோடு பழைய மேனேஜர் நின்றிருந்தார். மற்றவர்களோடு சேர்ந்து அவரும் கை தட்டினார். மைக்கை என் கையில் கொடுத்தார்கள். ஊரே இருந்தது. இரண்டே வாக்கியம் போதும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடுத்த சீசனுக்கு யார் யாரைக் கொண்டுவரலாம் என்று பத்து நிமிடம் பேசினேன்.