பறிப்பு நாளில் போடாத மாத்திரை

காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் எனக்கு ஏற்காட்டில் வேலை கிடைத்தது. சேலத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்காக, சர்க்கரை நோய் உள்ள எஸ்டேட் தொழிலாளர்கள் தங்கள் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். தினமும் காலையில் அடிவாரத்தில் பஸ் ஏறுவேன். உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளாது. கைப்பையின் ஜிப்பைத் திறப்பேன், மூடுவேன். உள்ளே என் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது.

ஆமாம், எனக்கும் சர்க்கரை. தெரிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கணவரிடம் ரத்தசோகை என்று சொல்லிவைத்திருந்தேன். அட்டையைப் பிரித்து முதல் மாத்திரையைப் போட்டுவிட்டால் சாகும்வரை நோயாளிதான் என்று ஒரு எண்ணம். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே, மற்றவர்களிடம் போய் ஒழுங்காக மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கிளியூர்ப் பக்கம், எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒன்றுக்குப் போன அன்று மழை. பறிப்பு நின்றுபோனதால் அந்த அம்மா வீட்டில் இருந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவர். முக்காலியை இழுத்துப் போட்டார். நான் படிவத்தை விரித்தேன்.

"போன ஏழு நாள்ல எத்தனை நாள் மாத்திரை போட்டீங்க?"

"ஏழு நாளுங்க."

எல்லோரும் சொல்கிற பதில். எழுதினேன். அடுத்து, மருந்தை வாங்கிப் பார்க்க வேண்டும். அவர் கொண்டுவந்த அட்டையில் இரண்டு மூன்று குழிகள் மட்டுமே காலி. அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அவரே கேட்டார்.

"எழுதிட்டீங்களா மேடம்?"

"எழுதிட்டேன்."

"பொய்யிங்க அது. அடிச்சுருங்க."

பிறகு கதவை லேசாகச் சாத்திவிட்டு வந்து சொன்னார். "அதப் போட்டா வவுறு கலக்கி எடுக்குதுங்க. செடிக்குள்ள எங்கீங்க போறது? சுத்தி ஆம்பளைங்க. ஒருக்கா பாதிப் பறிப்புல விட்டுட்டு ஊட்டுக்கு ஓடியாந்தேன். நொம்ப அசிங்கமாப் போச்சு. அன்னிலிருந்து பறிப்பு நாள்ல போடறதில்லீங்க. மழை பேஞ்சா போடுவேன், ஞாயித்துக்கெழமை போடுவேன். இன்னிக்குப் போட்டுட்டேன்."

மாத்திரையைத் தவிர்ப்பதற்கான காரணங்கள் படிவத்தில் அச்சாகியிருந்தன. மறதி, பயம், மருந்து தீர்ந்துபோனது. இந்தக் காரணம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த கேள்வி, பாதத்தைத் தினமும் கவனித்துப் பார்க்கிறீர்களா என்பது. அவர் சிரித்துவிட்டார். "காலப் பாக்கறதுக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்று விளையாட்டாகவே வலது காலைத் தூக்கிக் காட்டினார். சுண்டுவிரலுக்கு அடியில், செருப்பு வார் உராய்ந்த இடத்தில், ஒரு குழி. உள்ளே மஞ்சளாக இருந்தது. குனிந்ததும் நாற்றம் அடித்தது.

"வலிக்கலையா?"

"வலிச்சா பாத்திருப்பனுங்களே."

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். வாசலுக்குப் போய், ஆய்வை நடத்தும் பேராசிரியையைப் போனில் கூப்பிட்டேன். "உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. ஆனா நீங்க கூடப் போகாதீங்க. அப்புறம் அவங்க சொல்றதெல்லாம் உங்களுக்காகச் சொல்ற பதிலாயிடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இந்த அம்மா நாளைக்கு மழை விட்டால் பறிப்புக்குத்தான் போவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கிளம்புங்க" என்றேன்.

"சோறு வடிக்கோணுமுங்க."

"வந்து வடிச்சுக்கலாம்."

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் ஜீப் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. டாக்டருக்காகக் காத்திருக்கையில் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஏனுங்க சிஸ்டர், இந்த மேடத்துக்கும் ஒருக்கா குத்திப் பாருங்க. என்ற ஊட்டுக்கு வந்ததுல இருந்து நாலு தடவ தண்ணி குடிச்சுட்டாங்க. ரெண்டு தடவ கக்கூசுக்குப் போயிட்டாங்க" என்றார்.

வேண்டாம் என்றேன். நர்ஸ் அதற்குள் என் கையைப் பிடித்திருந்தார். எனக்கும் எக்கச்சக்கம்தான்.

"மாத்திரை போடறீங்களா?" என்றார் நர்ஸ்.

"தினமும்" என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. ஒண்ணுகூடப் போடல."

அந்த அம்மாவின் முகம் மாறியது. "அப்ப எங்கிட்ட உக்காந்து கேட்டதெல்லாம்? நானாச்சும் கடசீல உண்மையச் சொன்னனுங்க" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் கூப்பிடும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் அவரைச் சேலத்துக்கு அனுப்பினார்கள். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று, பாதம் தப்பியது. மெதுவாகக் கரையும் வேறு மாத்திரை கொடுத்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போடச் சொன்னார்கள். வயிற்றுத் தொல்லை பெரும்பாலும் அடங்கியது என்று கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மாலையே நான் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். "நாலு மாசமா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, என் டம்ளரில் சர்க்கரை போடாமல் காபியை வைத்துவிட்டுப் போனார். அதைக் குடித்துவிட்டு அட்டையைப் பிரித்தேன்.

நான் கூடப் போனதால் அந்த அம்மாவின் படிவத்தை ஆய்விலிருந்து பேராசிரியை எடுத்துவிட்டார். ஆனால் நான் ஓரத்தில் எழுதியதைப் படித்துவிட்டு, வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை உண்டா என்று ஒரு கேள்வியைச் சேர்த்தார். அதைக் கேட்க எல்லா வீடுகளுக்கும் மறுபடி போனேன். பல பெண்கள் கேள்வியை முடிக்கவே விடாமல் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள்.

அந்தச் சுற்றில்தான் அந்த அம்மாவைக் கடைசியாகப் பார்த்தேன். காபிக் கொட்டை காய வைக்கும் களத்தில் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். மரப்பலகையால் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டும் நிறுத்தவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் களத்தின் ஓரத்தில் அங்குமிங்கும் நடந்தேன்.

"நில்லுங்க, ஏன் இப்படி அலையறீங்க?" என்றார். பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, கான்வாஸ் ஷூவைக் கழற்றி, காலை நீட்டினார். குனிந்து பார்த்தேன். தையல் போட்ட இடம் நன்றாகக் காய்ந்திருந்தது.

"நல்லா ஆறியிருக்கு" என்றேன்.

"தெனமும் பாக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு களத்துக்குப் போனார்.