சார் பெயரில் கொடுத்த ரத்தம்

என் வீட்டுக்காரர் நிலக்கரிச் சுரங்கத்தில் பெர்மனென்ட். நெய்வேலியில் அந்த ஒரு வார்த்தை போதும், மேற்கொண்டு மனிதனாக இருக்கவேண்டிய கட்டாயம் கிடையாது என்று நம்பியவர். ரேஷன் வரிசையில் நிற்க, சிலிண்டர் தூக்க, எல்லாவற்றுக்கும் அவருக்குக் கீழே வேலை பார்த்த கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து சைக்கிளில் வருவார்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் சங்கத்துக்கு என் வீட்டுக்காரர்தான் செயலாளர். ஒரு வருடம், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்குச் சங்கம் ரத்தப் பரிசோதனை முகாம் வைத்தது. குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு மட்டும். "பயப்படாம எல்லாரும் வரணும்" என்று மைக்கில் முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து ஊசியை நினைத்து வேர்த்துக் கிடந்தார். ரத்தம் எடுக்க வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். டோக்கனைத்தான் பார்ப்பார்கள், முகம் தெரியாது.

சில வாரம் கழித்து, துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில் ஒரு கவர் கிடைத்தது. அவர் பெயர், பாசிட்டிவ். பதறிப்போய் அழுதுகொண்டே கேட்டேன். சிரித்தார்.

"அது என் ரத்தமே இல்ல. நம்ம ஆளத்தான் டோக்கன் குடுத்து அனுப்பினேன். கவர் வந்து நாலு நாளாச்சு."

எனக்கு முதலில் தோன்றியதை மறைக்கவில்லை. அந்த ஆள் எங்கள் வீட்டில் டீ குடிக்கும் டம்ளர் எது என்று யோசித்தேன். நானும் பெர்மனென்ட் பெண்டாட்டிதானே. அப்புறம்தான் அவர் மனைவிக்கு எட்டு மாதம் என்பது உறைத்தது. தாய்க்கு இருந்தால் குழந்தைக்கும் வரலாம், பிறந்தவுடன் ஊசி போட்டால் தடுக்கலாம் என்று கவருக்குள் இருந்த தாளிலேயே அச்சடித்திருந்தது.

"அவர்கிட்ட சொல்லணும்" என்றேன்.

"சொன்னா ஆள் மாத்தினது வெளிய வரும். என் பேரு நாறிடும். நான் வேற டெஸ்ட் எடுத்துக்கறேன், முடிஞ்சுது."

இந்த ஆளுக்குத்தான் இத்தனை வருடம் ஷிப்டுக்கு ஷிப்ட் டிபன் கட்டியிருக்கிறேன். காறித் துப்பத் தோன்றியது. கவரை எடுத்துக்கொண்டு வடக்குத்துக்குப் போனேன்.

வாசலில் அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி இடுப்பைப் பிடித்தபடி கதவோரம் நின்றாள். நடந்ததைச் சொல்லி, நாளைக்கே இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள் என்றேன்.

அவர் தாளையே பார்த்தார். "அப்ப சாருக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

தாளை மெதுவாக மடித்தார்.

"அதான் நாலு நாளா வூட்டுப் பக்கம் வராதன்னாரா? நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சிகினு கெடந்தேங்க."

அவர் மனைவிதான் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "வராதன்னு சொன்னவரு, ஏன்னு சொல்லக் கூடாதாக்கா? இது அவரு புள்ளையா இருந்தா நாலு நாளு விட்டிருப்பாரா?"

குழந்தைக்குப் பிறந்த அன்றே ஊசி போட்டார்கள் என்று பிறகு சொல்லியனுப்பினாள். எங்கள் வீட்டுக்கு அவர்கள் யாரும் வரவில்லை. இவர் மறு பரிசோதனை எடுத்து, நெகட்டிவ் என்று வந்த தாளை, செயலாளரின் முன்மாதிரி என்று எழுதிச் சங்க போர்டில் ஒட்டினார். ஆள் வைக்காமல் தன் கையாலேயே அவர் செய்த வேலை, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.