நடிப்பில் தொலைத்த கண்ணீரை ஆண்டவர் திருப்பித் தந்தார்

கடந்த ஆவணி மாதம் என் சொந்த அக்காவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பகல் முழுக்க இருந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

நான் நடிகை. பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்து, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்களிலும் சில தொலைக்காட்சி நாடகங்களிலும் தாயாகவும் விதவையாகவும் வந்து அழுகிறவள். 'அழுகிற அக்கா' என்றுதான் படப்பிடிப்புகளில் எனக்குப் பெயர். அப்படிப்பட்டவள் செத்தவீட்டில் மரம் மாதிரி இருந்தால் சனம் சும்மா விடுமா? கமரா இல்லாதபடியால் அழுகை வரவில்லையாக்கும் என்று குசினிக்குள் நின்ற பெண்கள் கதைத்தது என் காதிலும் விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சொல்வது சரியோ என்று பயம்தான் வந்தது.

பிலோமினா அக்கா கலியாணம் செய்யாதவர். என் கணவர் கடலில் இறந்தபோது மகளுக்கு ஆறு வயது. நான் முதல் பஸ்ஸில் படப்பிடிப்புக்குப் போனால், பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவதில் இருந்து தலை இழுத்துப் பின்னிவிடுவது வரை எல்லாம் அக்காதான். என் நடிப்பைத் தாங்கி நின்றது என் திறமை அல்ல, அக்காவுடைய பொறுமை. அந்த அக்காவுக்குத்தான் நான் அழவில்லை.

இது எப்படி நடந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். நடிக்க வரும் பிள்ளைகள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் உதவும்.

நடிப்பு எனக்கு வந்தது பாஸ்குவில். பெரிய கிழமையில் எங்கள் கோயில் வளவில் போடும் ஆண்டவருடைய பாடுகளின் நாடகம் அது. அதில் மாதாவாக நின்றேன். பாஸ்குவுக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், முழங்காலில் நின்று செபிப்பார்கள். அங்கே என்னைப் பார்த்த ஒருவர் குறும்படத்துக்குக் கூப்பிட்டார். முதல் நாள் ஒரு தாய் அழும் காட்சி. எத்தனை தரம் முயன்றும் வரவில்லை. கடைசியில் என் கணவரை இறங்குதுறைக்குக் கொண்டுவந்து இறக்கிய காலையை நினைத்தேன். கண்ணீர் கொட்டியது. படம் எடுக்க வந்து நிலத்தில் இருந்த பெடியங்கள் எழும்பிக் கைதட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதுதான் பாவத்தின் தொடக்கம்.

அதன் பிறகு எந்தக் காட்சி என்றாலும் அதே காலையைத்தான் எடுத்தேன். முழுக் கதையையும் வாசிக்க மாட்டேன். நான் அழும் இடம் எது என்று மட்டும் கேட்பேன். என் பாத்திரத்துக்கு என்ன பெயர், யாருக்காக அழுகிறாள் என்றுகூடச் சில நாள் தெரியாது. இதைவிட முட்டாள்தனம் என்ன, இந்த இரகசியத்தை ஒரு இயக்குநருக்கு நானே பெருமையாகச் சொன்னேன். அவர் கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் அடுத்த படப்பிடிப்பில் வெளிச்சம் போகிற அவசரத்தில் எனக்குக் கிட்ட வந்து, "அக்கா, அண்ணையை ஒருக்கா நினையுங்கோ," என்றார். அன்றைக்குப் பள்ளி விடுமுறை. என் மகள் பின்னால் கதிரையில் இருந்தாள். அவளுக்கு அது கேட்டது.

ஒரு காலையை எத்தனை தரம் எடுக்கலாம்? மெல்ல மெல்ல அது வேலை செய்யாமல் விட்டது. கிளிசரின் போட்டுச் சமாளித்தேன். இனி அழுவது என்றால் அது தொழில் என்று மனம் பழகிவிட்டது. அப்போதுதான் அக்கா போனார்.

அடக்கம் முடிந்து சேமக்காலையால் வந்த பின்னேரம் மகளிடம், சனம் என்ன சொல்லுது பார்த்தியா என்று கேட்டேன். ஆறுதலாக ஏதும் சொல்வாள் என்று நினைத்தேன்.

"நீங்கள் அழாதது நல்லதம்மா," என்றாள். "அழுதிருந்தா, அப்பாவை நினைச்சு வரப்பண்ணினதோ, உண்மையா பெரியம்மாவுக்கோ எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்காது."

பதினாறு வயதுப் பிள்ளை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அயன்பெட்டியை எடுத்துச் சீருடையை மினுக்கப் போனாள். அன்று முதல் நான் சிரித்தால்கூட அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பாள். பெற்ற பிள்ளை நம்பாத முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வந்த இரண்டு வாய்ப்புகளை வேண்டாம் என்றேன். பின்னேரங்களில் கோயிலுக்குப் போய் முன் வரிசை வாங்கில் இருந்தேன். செபம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, எனக்குப் படம் வேண்டாம். என்ரை அக்காவுக்கு அழ விடும்," என்று மட்டும் கேட்டேன். மாதக்கணக்காக ஒரு பதிலும் இல்லை. கடவுளுக்கும் நான் நடிப்பதாகத்தான் தெரிகிறதோ என்று நினைத்த நாளும் உண்டு.

பெரிய கிழமைக்கு முந்திய தபசு காலம் வந்தது. பாஸ்குவுக்கு உடுப்புத் தைத்துத் தருகிறேன், மேடைக்கு மட்டும் கூப்பிட வேண்டாம் என்று பாதரிடம் சொன்னேன். நாலாம் வெள்ளி பின்னேரம் பயிற்சி. மாதாவாக நடிக்கும் பள்ளிக்கூட ரீச்சருக்குக் காய்ச்சல். ஆண்டவரைச் சிலுவையால் இறக்கி மாதாவின் மடியில் கிடத்தும் இடத்துக்கு மட்டும் சும்மா ஒரு ஆள் இருந்தால் போதும் என்றார்கள். ஊசியும் நூலும் கையுமாகப் போய் இருந்தேன்.

ஆண்டவராக நடித்தது யூட் தம்பி, கடற்றொழில் செய்கிற பிள்ளை. விடியத்தான் தொழில் முடித்துக் கரைக்கு வந்திருந்தான். என் மடியில் கிடத்திய கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே நித்திரையாகிவிட்டான். வாய் திறந்து மெல்லக் குறட்டை வேறு. சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். நான் எதையும் நினைக்கக் கூடாது என்று பிடிவாதமாக அவனையே பார்த்தேன். வெயிலில் கறுத்த நெற்றி. உப்பில் வெடித்த உதடு. இவனுக்கும் ஒரு தாய் இருக்கிறா, ஒவ்வொரு விடியலும் பார்த்துக்கொண்டிருப்பா என்று தோன்றியது. எனக்காக விழித்திருந்து, சோற்றை மூடி வைத்துவிட்டு, கதிரையிலேயே இப்படி வாய் திறந்து நித்திரையாகிப் போகிற என் அக்கா அப்போது வந்தார். நான் கூப்பிடவில்லை. அவராகத்தான் வந்தார்.

அழுதேன். அழகாக அழவில்லை. மூக்குச் சளி யூட் தம்பியின் நெற்றியில் விழுந்து அவன் திடுக்கிட்டு எழும்பிவிட்டான். பயிற்சி நின்றுபோனது. ஒருவரும் கைதட்டவில்லை. வசனம் எடுத்துக்கொடுக்கக் கொப்பியோடு ஓரத்தில் நின்ற என் மகள் வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"இது பெரியம்மாவுக்குத்தானே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் தலையைச் சாய்த்துத் தானும் அழத் தொடங்கினாள்.

ஆண்டவருக்குத் தோத்திரம். இப்போது திரும்பவும் நடிக்கிறேன். முழுக் கதையையும் வாசித்த பிறகுதான் சம்மதிக்கிறேன். எனக்கு முன்னால் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்கிறேன், அவர் சொல்வதைக் கேட்கிறேன். கண்ணீர் வந்தால் வருகிறது, வராவிட்டால் வராமலே அந்தக் காட்சியைச் செய்கிறேன். அந்த இயக்குநருக்கு இது பிடிக்கவில்லை, என்னை விட்டுவிட்டு வேறு ஆளை எடுத்தார். வேறொருவர் கூப்பிட்டார். பிள்ளைகளே, வசனத்தைச் சத்தமாகப் பாடமாக்குங்கள், நேரத்துக்குப் போங்கள், சிறு வேடம் என்று முகம் சுளிக்காதீர்கள், கையில் இன்னொரு தொழிலும் வைத்திருங்கள். எல்லாம் கொடுங்கள். உங்கள் வீட்டுச் செத்தவர்களை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இது அரைச் சாட்சியாகிவிடும். அன்றைக்குப் பிறகு நான் ஆண்டவரிடம் இரண்டாவதாகவும் ஒன்று கேட்டேன். அக்காவுக்கான அழுகை கிடைத்தது. என் கணவருடைய முகம் இன்னும் கிடைக்கவில்லை. கண்ணை மூடினால் இறங்குதுறை வருகிறது, தண்ணீர் வருகிறது, சுற்றி நின்ற சனம்கூட வருகிறது. அவர் மட்டும் வருவதில்லை. அலுமாரியில் இருக்கும் படத்தை எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஒன்றைத் தந்தவர் மற்றதையும் தருவார் என்று நம்பி, ஒவ்வொரு பின்னேரமும் அதே வாங்கில் போய் இருக்கிறேன். கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள் யாராவது உங்களில் இருந்தால் வந்து எனக்குப் பக்கத்தில் இருங்கள். இடம் இருக்கிறது.