தோழி கொடுத்த பழைய டயர்கள்

யாராவது ஒரு பொருளைச் சும்மா கொடுத்தால் நான் முதலில் பொருளைத் திருப்பிப் பார்ப்பேன், அப்புறம் கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பேன். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் நான். தேர்வு அறைகளில் வரிசை வரிசையாக நடந்து பழகிய கண்ணுக்கு எல்லாருமே எதையோ ஒளித்து வைத்திருப்பது போலத்தான் தெரியும்.

சைக்கிள் பந்தயத்துக்கு நாற்பதைத் தாண்டிய பிறகுதான் வந்தேன். எங்கள் குழுவில் பெண்கள் குறைவு. நான் முதலாவதாக வருவேன். எனக்கு அடுத்து வருபவள் சேலையூர்க்காரி. நாவலூரில் ஐ.டி. வேலை, என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். குழுவை விட்டுப் போன ஒருவரிடமிருந்து நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பழைய பந்தய சைக்கிள் வாங்கியிருந்தோம். அவற்றின் சக்கரங்களில் சாதாரண டயர் உட்காராது. டியூபை உள்ளே வைத்துத் தைத்து, பாம்பு போல உருண்டையாக வரும் டயர்தான் வேண்டும். அதை ரிம்மின் மேல் பசை போட்டு ஒட்ட வேண்டும். பசை விட்டால் திருப்பத்தில் டயர் கழன்று வந்துவிடும். அதன் பிறகு நடப்பது எலும்பு மருத்துவரின் சமாச்சாரம்.

அந்த வருடப் பந்தயத்துக்குச் சில வாரங்கள் இருந்தபோது, ஒரு மாலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு மூட்டை.

"அக்கா, எங்க மாமா அந்தக் காலத்துல ரேஸ் ஓட்டினவர். கூடுவாஞ்சேரி வீட்டுப் பரண்ல இது கிடைச்சுது. ஒரு தடவைகூட யூஸ் பண்ணலையாம். சூப்பரா ஓடுமாம். நீங்க போட்டுக்கங்க."

பிரித்தேன். பவுடர் தூவிய இரண்டு டயர்கள். பக்கவாட்டில் தேன் நிறப் பருத்தி நூல், மேலே கறுப்பு ரப்பர். அழகாக இருந்தன. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் ஒவ்வொரு முறையும் தோற்பவள், இத்தனை நல்ல பொருளை எதற்காக எனக்குத் தர வேண்டும்?

"உனக்கு வேண்டாமா?"

"நீங்கதானே அக்கா ஜெயிக்கிறவங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அன்றிரவு என் கணவர் டயரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்சதா இருக்கும். கொடுத்தவங்களையே முதல்ல ஓட்டிக் காட்டச் சொல்லு" என்றார். எனக்குள் புகைந்துகொண்டிருந்ததில் அவர் எண்ணெய் ஊற்றிவிட்டார்.

பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். எங்காவது நூலை அறுத்திருக்கிறாளா? இல்லை. அடிப்பக்கத் துணி ஓரிடத்தில் உரிந்திருந்தது. பழசானதாலா, அவள் நகமா? காற்றடித்து அலமாரிக் கைப்பிடியில் மாட்டி வைத்தேன். காலையில் பாதிக் காற்று இல்லை. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். சோப்பு நுரை தடவித் தேடினால் ஒரு குமிழிகூட வரவில்லை. இந்த வகையில் உள்ளே இருப்பது மெல்லிய லேடெக்ஸ் ரப்பர் டியூப், தானாகவே காற்றைக் கசியவிடும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். அப்படியும் மனம் ஆறவில்லை.

நேராக அவள் ஃபிளாட்டுக்கே போனேன். கதவைத் திறந்தவள் டீ போட உள்ளே போனாள். ஹாலில், துணி இஸ்திரி போடும் மேஜையின் கீழே, அதே வேட்டித் துணியில் இன்னொரு மூட்டை. குனிந்து தொட்டுப் பார்த்தேன். இன்னும் இரண்டு டயர்கள்.

அவள் டீயோடு வந்தபோது மூட்டை என் மடியில் இருந்தது.

"இது என்ன?"

அவள் முகம் சிவந்தது. "அக்கா... மொத்தம் நாலு இருந்துச்சு."

"அப்ப நான் ஓட்டிப் பார்க்கணும். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீ போட்டுக்குவ. அதானே?"

"கோவிச்சுக்காதீங்க அக்கா. பழசு, பயமா இருந்துச்சு. நீங்க எல்லாத்தையும் செக் பண்ணாம தொடவே மாட்டீங்கன்னு தெரியும். அதான்."

கோபம் வந்தது. நான் நினைத்தது சரியாகப் போயிற்றே என்ற அற்ப சந்தோஷமும் வந்தது. கடைசியில் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். பந்தயத்தன்று இருவரும் பின்சக்கரத்தில் மட்டும் பழைய டயர் போடுவது. பின்னால் கழன்றால் பிழைத்துக்கொள்ளலாம், முன்னால் கழன்றால் பல் மிஞ்சாது.

நான் உரிந்த துணியை ஒட்டி, ரிம்மில் பசை பூசிக் காயவிட்டு, மறுபடி பூசி, டயரை இழுத்து மாட்டினேன்.

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடுவாஞ்சேரிக்கு அப்பால். மனை போட்டுச் சாலை மட்டும் அமைத்த, வீடுகள் வராத லேஅவுட். சர்ச்சுக்கு மாலை ஆராதனைக்குப் போய்க்கொள்ளலாம் என்று வந்திருந்தேன். ஒவ்வொருவராகப் புறப்பட வேண்டும், குறைந்த நேரத்தில் திரும்புபவர் ஜெயிப்பார்.

நேர்ச்சாலையில் அந்த டயர் ஓடியதை எப்படிச் சொல்வது? கரடுமுரடான தார் என்பதே தெரியவில்லை. சன்னமாக ஒரு ரீங்காரம் மட்டும். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் என் விரல்கள் தாமாகவே பிரேக்கை அழுத்தின. கழன்றுவிடும், இதோ கழன்றுவிடும் என்று காது பின்னாலேயே இருந்தது. கழலவில்லை. நான்தான் மெதுவாகப் போனேன்.

முதன்முறையாக அவள் ஜெயித்தாள். நான் இரண்டாவது.

கைகுலுக்கப் போனேன். போகும்போதே என் கண் அவள் பின்சக்கரத்துக்குப் போய்விட்டது. தேன் நிறம் இல்லை. அவளுடைய வழக்கமான டயர்.

"பசை காயலை அக்கா" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. "நேத்துதான் ஒட்டினேன், அதான் ஸ்பேர் சக்கரத்தை மாட்டிக்கிட்டு வந்தேன். சத்தியமா ஏமாத்தணும்னு இல்ல."

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்பவர்களை எனக்குத் தேர்வு அறையிலிருந்தே தெரியும். ஆனால் பசை காய நேரம் எடுக்கும் என்பதும் உண்மை. என்னைத் தோற்கடிக்க என் பிரேக்கை அவளா பிடித்தாள்? கையைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் அவளே அழைத்தாள். "அக்கா, அந்த டயரை நீங்களே எனக்கு ஒட்டித் தர்றீங்களா?" வரச் சொன்னேன். பால்கனியில் உட்கார்ந்து அவளுடைய டயர்களை நானே ஒட்டினேன். அவள் எதிரில் அமர்ந்து கண் இமைக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஓரத்துல பசை கம்மியா இருக்கோ?" என்றாள். சற்றுக் கழித்து, "நிஜமாவே பசை பிடிக்குமா அக்கா?"

"பிடிக்கும்" என்றேன்.

அவள் நம்பவில்லை. எனக்கு அது ஏனோ பிடித்திருந்தது.